ஒரு சொட்டு விழுந்தாலும்

தேனியில் ஏலக்காய் மண்டிக்கு மேல் மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துவதில் ஒரு வசதி இருக்கிறது. பொய் சொல்ல வருகிறவர்கள் மூச்சை இழுத்துப் பிடித்துப் பேசுவார்கள், காரம் ஏறித் தும்மிவிடுவார்கள். இது உதவியாளன் கர்ணனின் கண்டுபிடிப்பு. அவனுடைய மற்ற கண்டுபிடிப்புகளைப் போலவே இதற்கும் ஆதாரம் கிடையாது.

வெள்ளிக்கிழமை காலை எதிரே வந்து உட்கார்ந்த அம்மாவாசி ஒரு தடவைகூடத் தும்மவில்லை. ஐம்பத்திரண்டு வயது. வெளுத்த வேட்டி. பண்ணைப்புரத்துக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் திராட்சைத் தோட்டம். சட்டைப் பையிலிருந்து காலி மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

“எங்கக்கா மக ஓவியா வீட்டு அடுப்படிக்குப் பின்னால கெடந்துச்சு மேடம். ரத்தத்தத் தண்ணியாக்குற மாத்திரை. எங்க ஊர்ல இதத் திங்கிற ஒரே ஆளு அவ மாமியா மொக்கம்மாதேன். நெஞ்சுல வால்வு மாத்துன பொம்பள.”

“வால்வு புதுசு. வஞ்சம் மட்டும் பழசு போல” என்றான் கர்ணன்.

அலுவலகத்தை நடத்தும் இவாஞ்சலின் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு அட்டையைத் திருப்பினாள். பத்துக் குழியும் காலி. பின்பக்கம் இருந்த சின்ன எழுத்துகளைப் படித்துவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். ராயப்பன்பட்டிக்காரி. பதினோரு வருடம் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். ரத்தம் பொய்யே சொல்வதில்லை, அலுப்பாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவள்.

“போலீஸ்ல சொல்லலாமே?” என்றாள்.

“சொன்னா அவுக பொறுமையா வருவாக. அதுக்குள்ள மொக்கம்மா மிச்ச மாத்திரையையும் ஒளிச்சிருவா. நீங்க கண்டுபிடிச்சுக் குடுத்துட்டா அவளத் தூக்கி உள்ள வெச்சிருவாக. ஓவியாவுக்கு வேற நாதி இல்ல மேடம். தாய் தகப்பன் இல்லாத பிள்ள. நான் ஒருத்தந்தேன்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போதும் தும்மவில்லை.

நடந்தது இதுதான். ஓவியாவின் புருஷன் பால்பாண்டி ஒன்றரை வருடத்துக்கு முன் தோட்டத்துக் கிணற்றில் மோட்டாரைப் பார்க்க இறங்கி, பாசி வழுக்கி விழுந்து செத்தான். விபத்து என்று போலீஸ் எழுதி முடித்தது. மொக்கம்மாள் முடிக்கவில்லை. மருமகள்தான் தள்ளினாள் என்று வீடு வீடாகச் சொன்னாள். நாலு வயதுப் பேத்தி அபிதாவைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். ஓவியா ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றாள். அம்மன் திருவிழாவில் கன்னத்தில் அலகு குத்திக்கொள்கிறேன், ஒரு சொட்டு ரத்தம் விழுந்தாலும் நான் பாவி, விழாவிட்டால் என் பிள்ளையைக் கொடுத்துவிட வேண்டும் என்றாள். அந்த ஊரில் அலகு குத்தி யாருக்கும் ரத்தம் வந்ததில்லை. சுத்தமானவர்களுக்கு வராது என்று அங்கே நம்பிக்கை.

மணிக்கட்டில் மஞ்சள் நூலைக் காப்பாகக் கட்டிக்கொண்டு எட்டு நாள் விரதம் இருந்தாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் இடது கன்னத்தில் வெள்ளி வேல் நுழைந்த உடனே ரத்தம் கொட்டியது. பயந்துபோய் வேலை உருவினார்கள். அப்போதும் நிற்கவில்லை. ஏழு மணி நேரம் ஒழுகியது. அதில் முதல் மூன்று மணி நேரம், பாவியை யார் வண்டியில் ஏற்றுவது என்று ஊர் நின்று வேடிக்கை பார்த்தது.

அரசு ஆஸ்பத்திரியில் ஓவியா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். இருபத்து நாலு வயது. இடது கன்னம் முழுக்கப் பஞ்சும் பிளாஸ்திரியும். கை இரண்டிலும் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போன திட்டுகள். காப்பு நூல் இருந்த இடத்தில்கூட மணிக்கட்டைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் இருந்தது.

“ஒரு வாரமா யாரோ கொடுத்திருக்காங்க” என்றார் டாக்டர். “கன்னத்தை விடுங்க. சிறுநீர்லயே ரத்தம் போச்சு. இன்னும் ஒரு மணி நேரம் லேட்டா வந்திருந்தா எங்க கையில இல்ல.”

அவர் நகர்ந்ததும் இவாஞ்சலின் கட்டில் ஓரமாக உட்கார்ந்தாள்.

“விரதம் இருந்தப்ப என்னம்மா சாப்பிட்ட?”

“ஒரு வேளைச் சோறுதேன்கா. புதுச் சட்டி வாங்கி நானே பொங்குனேன். தண்ணிகூட நானே எறச்ச தண்ணி. அடுத்தவுக வீட்டுப் பச்சத்தண்ணி பல்லுல படக் கூடாது.”

“வேற எதுவுமே வாய்க்குள்ள போகல?”

“காலையில வெறும் வயித்துல வேப்பங்கொழுந்தும் மஞ்சளும் அரைச்ச உருண்டை. காப்புக் கட்டுன எல்லாருக்கும் உண்டுக்கா. அத யாரு சாப்பாட்டுல சேப்பா? கடைசி ரெண்டு நாளு அதையும் முழுங்க முடியாம வாயிலருந்து எடுத்துட்டேன். ஈறெல்லாம் ரத்தமா இருந்துச்சு. கீழ போட்டா சாமி குத்தமாயிரும்னு வீட்டு மாடக்குழியில வெச்சுட்டேன்.”

“ஈறுல ரத்தம் வந்தப்பவே டாக்டர்கிட்டப் போயிருக்கலாமே.”

“விரதத்துல ஊசி போடக் கூடாதுக்கா. மாமா ஒருத்தருதேன் எம்பக்கம். ‘சூட்டு ஒடம்பு, அப்பிடித்தேன் இருக்கும், அலகு மட்டும் குத்திரு, ஊரு வாய் அடங்கிரும்’னு தைரியம் சொன்னாக.” அவள் இவாஞ்சலின் கையைப் பிடித்தாள். “யாரு குடுத்தான்னு கண்டுபிடிச்சா எம்பிள்ளையக் குடுத்துருவாகளாக்கா?”

இவாஞ்சலின் பொதுவாக வாக்குறுதி தருவதில்லை. அன்றைக்குத் தந்தாள்.

“குடுத்துருவாங்க.”

ஜீப்பில் ஏறும்போது கர்ணன் முகம் வெளிறிப் போயிருந்தது. “ரத்தத்தப் பாத்தா எனக்கு ஆகாதுன்னு வேலைக்குச் சேந்த அன்னைக்கே சொன்னேன்ல. நமக்கு எப்பத்தேன் கோழி திருட்டுக் கேசு வரும்?”

“கோழிக்கும் ரத்தம் உண்டு கர்ணா.”

“அது கொழம்புல இருக்கும்போது எனக்குத் தெரியாதுக்கா.”

மொக்கம்மாள் வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்து வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தாள். அறுபது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, மெலியாத குரல். வந்த விஷயத்தைச் சொன்னதும் அவள் கோபப்படவில்லை. சிரித்தாள்.

“நாந்தேன் குடுத்தேன்னு அம்மாவாசி சொல்றானாக்கும்? எதுக்கு ஆத்தா நான் குடுக்கணும்? எம்மகனக் கெணத்துல தள்ளுனவ அவ. வேலு எறங்குன ஒடனே ரத்தம் வரும்னு எனக்குத் தெரியும். எட்டு நாளா ஒறக்கமில்லாம அதுக்குத்தேன் காத்துக் கெடந்தேன். சாமி பாத்துக்கிற வேலைக்கு எம்மாத்திரைய எதுக்குச் செலவழிக்க?”

“உங்க மாத்திரையைக் கொஞ்சம் பார்க்கலாமா?”

தலைமாட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து நீட்டினாள். “நல்லாப் பாரு. ஒரு நாளு தப்புனா வால்வு அடைச்சுக்கிரும்னு மதுரை டாக்டரு சொல்லிருக்காக. மாசாமாசம் எண்ணி வாங்குறது. அவளக் கொல்ல நான் சாகணுமா?”

இவாஞ்சலின் டப்பாவிலிருந்த அட்டையையும் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தாள்.

“ஓவியா செத்திருந்தா உங்களுக்குச் சந்தோஷம்தானே?”

“சாகக் கூடாது” என்றாள் மொக்கம்மாள் நிதானமாக. “செத்தா ஒரு நாளு வலி. இருந்தா தெனமும் வலிக்கும்ல.”

வீட்டுக்குள்ளிருந்து பிஞ்சுக் குரல் ஒன்று கேட்டது. “அப்பத்தா, அம்மா வந்துருச்சா?”

“ஒங்கம்மா செத்துப்போச்சுன்னு எத்தன தடவ சொல்றது? பேசாம ஒறங்கு.”

தெரு முனைக்கு வந்ததும் கர்ணன் இவாஞ்சலினை மறித்தான்.

“அக்கா, இவதேன். சந்தேகமே இல்ல. போலீஸக் கூப்புடவா?”

“இவ பொய் சொல்லல.”

“தும்மலயேன்னு சொல்றீகளா? இங்கன ஏலக்கா இல்லக்கா.”

“அவ சொன்னதைத் திரும்ப யோசி. ரத்தம் தானா வரும்னு நம்புனவ அவ. இப்பப் போலீஸ் வேண்டாம். ஓவியா வீடு எங்க இருக்கு?”

ஓவியாவின் ஒற்றை அறை வீடு பூட்டாமலே கிடந்தது. பாவியின் வீட்டுக்குள் திருடக்கூட யாரும் நுழைய மாட்டார்கள் போலிருக்கிறது. அடுப்புக்கு மேலே இருந்த மாடக்குழியில் கர்ணன் கையை விட்டான். அடுத்த நொடி கையை உதறிக்கொண்டு வாசலுக்கு ஓடினான்.

உள்ளே இரண்டு எலிகள் செத்துக் கிடந்தன. மூக்கிலும் வாயிலும் ரத்தம் காய்ந்திருந்தது. பக்கத்தில் பாதி கொறித்த ஒரு பச்சை உருண்டை இருந்தது. இன்னொன்று தூளாகக் கிடந்தது.

“ஏக்கா, எலியும் காப்புக் கட்டிருந்துச்சா?” என்று வாசலில் இருந்தபடியே கேட்டான். “அதுக எவனக் கெணத்துல தள்ளுச்சுக?”

இவாஞ்சலின் சிரிக்கவில்லை. மிச்ச உருண்டையைத் தாளில் மடித்தாள். எலிகளையும் ஒரு செய்தித்தாளில் சுற்றினாள்.

“கர்ணா, இந்த ஊர்ல காப்புக் கட்டுன வேற யாராவது ஒரு பொம்பளையைப் பாரு. இந்த உருண்டையைப் பத்திக் கேட்டுட்டு வா. எங்க அரைப்பாங்க, யாரு குடுப்பாங்க, எல்லாம்.”

கால் மணி நேரம் கழித்து கர்ணன் திரும்பி வந்தான். அவன் நடையைப் பார்த்தாலே ஏதோ கிடைத்துவிட்டது என்று தெரிந்தது. காதோரம் குனிந்து ஒரு வார்த்தை சொன்னான். இவாஞ்சலின் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு சப்-இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டாள்.

மூன்று மணிக்குக் கோயில் முன்னால் வேப்பமரத்தடியில் முப்பது பேர் கூடியிருந்தார்கள். நடுவில் ஊர்த்தலைவர் சீனிச்சாமி, எழுபது வயது, தோளில் பச்சைத் துண்டு. ஒரு பக்கம் மொக்கம்மாள். இன்னொரு பக்கம் கையைக் கட்டிக்கொண்டு அம்மாவாசி. சப்-இன்ஸ்பெக்டர் மரத்தில் சாய்ந்து நின்றார்.

இவாஞ்சலின் செய்தித்தாளைத் தரையில் விரித்தாள். கூட்டம் ஓரடி பின்னால் போனது.

“ஓவியா மிச்சம் வச்ச வேப்ப உருண்டையைத் தின்ன எலிங்க. ஓவியாவுக்கு வந்த அதே ரத்தம் இதுங்களுக்கும் வந்திருக்கு. மாத்திரை சோத்துல இல்ல. அந்த உருண்டையில இருந்துச்சு.”

“அப்ப இந்தக் கெழவி ராத்திரியில வந்து கலந்துருக்கா!” என்றார் அம்மாவாசி.

“சீனிச்சாமி ஐயா, உங்க ஊர் வழக்கம் எனக்குத் தெரியாது. நீங்க சொல்லுங்க. காப்புக் கட்டுனவங்களுக்கு அந்த உருண்டையை யாரு குடுக்கணும்?”

சீனிச்சாமி யோசிக்கவே இல்லை. “தாய்மாமன். அவந்தேன் தன் கையால அரைச்சு, உருட்டி, வாயில குடுக்கணும். அடுத்த கை பட்டா வெரதம் முறிஞ்சிரும்.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவருக்கு உறைத்தது. முப்பது தலையும் ஒரே பக்கம் திரும்பின.

“நா... நான் எதுக்கு மேடம்?” என்றார் அம்மாவாசி. “துப்பறிய உங்களக் கூப்புட்டதே நாந்தேன!”

“ஆமா. டாக்டர் கண்டுபிடிச்சுட்டார்னு தெரிஞ்சதும் ஓடி வந்தீங்க. போலீஸ் வர்றதுக்கு முன்னால நான் மொக்கம்மா வீட்டு வாசல்ல போய் நிக்கணும், அதான வேணும்? அதுக்கு ஒரு அட்டை வேற கொண்டு வந்தீங்க.” பையிலிருந்து அந்தக் காலி அட்டையை எடுத்தாள். “இது காலாவதியாகி நாலு மாசமாச்சு. மொக்கம்மா உசுரோட இருக்கிறதே இந்த மாத்திரையால. மாசாமாசம் வாங்குறவ வீட்டுல காலாவதியான அட்டை எப்படி இருக்கும்? இது, மாத்திரையைத் தின்ன ஆளு செத்துப்போன வீட்டுல இருந்து வந்த அட்டை.”

“அம்மாவாசி பொஞ்சாதிக்கும் நெஞ்சுல வால்வுதேன” என்று கூட்டத்தில் ஒரு பெண் குரல் மெல்லச் சொன்னது. “அது போயி ரெண்டு வருசமாச்சு.”

“இன்னொண்ணும் இருக்கு” என்றாள் இவாஞ்சலின். “ஓவியா பாவின்னு நம்புறவங்க யாரும் மாத்திரை தேட மாட்டாங்க. அலகு குத்துனா ரத்தம் தானா வரும்னு காத்துக்கிட்டு இருப்பாங்க, இந்தம்மா மாதிரி. மாத்திரை யாருக்கு வேணும்? ரத்தம் வரவே வராதுன்னு பயந்தவனுக்கு. ஓவியா மேல ஒரு தப்பும் இல்லன்னு இந்த ஊர்ல முழுசா நம்புன ஒரே ஆளு யாருன்னு நீங்களே சொல்லுங்க.”

“நம்பிக்கைன்னா இப்பிடி இருக்கணும்” என்றான் கர்ணன்.

அம்மாவாசி கட்டியிருந்த கையை அவிழ்த்தார். முகத்திலிருந்த மாமன் பாசம் கழன்று விழுந்துவிட்டது. அடியில் இருந்தது வேறு முகம்.

“பதினெட்டு வயசுல ரெண்டாந்தாரமா என் வீட்டுக்கு வந்துருக்க வேண்டியவ” என்றார். “எனக்கு உரிமை உள்ள பொண்ணு. எங்கக்கா சாகும்போது எங்கையில பிடிச்சுக் குடுத்துட்டுப் போனா. அந்தப் பால்பாண்டி பைக்குல ஏறிப் போயிட்டா. அவன் செத்தான். எம்பொஞ்சாதியும் போயிட்டா. இப்பவாச்சும் வான்னு கேட்டேன். ‘எனக்கு எம்பிள்ள போதும் மாமா’ங்குறா. பிள்ள கையில இருந்தா அவ யாரையும் தேட மாட்டா. ஊரு தூக்கி எறிஞ்சாத்தேன் எங்கிட்ட வருவா. ரெண்டு சொட்டு விழுகும்னு நெனச்சேன். ரெண்டே சொட்டு.”

“ஈறுல ரத்தம் வந்தப்பவும் நிறுத்தலையே?”

“அப்பத்தேன் மாத்திரை பிடிக்குதுன்னு தெரிஞ்சுச்சு.”

சப்-இன்ஸ்பெக்டர் அவருடைய கையைப் பிடித்தார். போலீஸ் ஜீப்பில் ஏறும்போதுகூட அம்மாவாசி, “அவ வீட்டுக்கு வந்தா யாரு பாத்துக்குவா?” என்று கேட்டுக்கொண்டே ஏறினார். சில ஆட்களுக்கு வெட்கம் என்ற உறுப்பே வளராது.

இவாஞ்சலின் சீனிச்சாமியிடம் திரும்பினாள். அவளுக்கு அந்த நேரத்தில் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

“ஐயா, பிள்ளையைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

சீனிச்சாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மொக்கம்மாளைப் பார்த்தார். பிறகு கோயிலைப் பார்த்தார்.

“மாத்திரை குடுத்ததால ரத்தம் வந்துச்சு. சரி, ஒத்துக்கிறேன். மாத்திரை குடுக்காட்டி வந்துருக்காதுன்னு யாரு சொல்றது?”

“டாக்டர் சொல்றார்.”

“டாக்டரு கிட்டயா வாக்குக் குடுத்தா? சாமிகிட்டக் குடுத்தா. ஒரு சொட்டு விழுந்தாலும்னு அவ வாயாலதேன் சொன்னா. மொத தடவ அம்மாவாசி கெடுத்துட்டான். அதுக்கு நாங்க என்ன செய்ய? வர்ற செவ்வாக்கெழம மறுபூசை இருக்கு. மறுபடியும் குத்தட்டும். சுத்தமா இருந்தா பிள்ளையத் தூக்கிக்கிட்டுப் போகட்டும்.”

“செத்துப் பொழச்சுப் படுத்திருக்கா ஐயா!”

“நீ வேற சாமி கும்புடுறவ. ஒனக்கு இது புரியாது தாயி.”

இவாஞ்சலின் கூட்டத்தைப் பார்த்தாள். எலிகளைப் பார்த்து ஓரடி பின்னால் போன அதே முப்பது பேர் இப்போது தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். நியாயமான பேச்சு என்று ஒருவன் வாய்விட்டே சொன்னான். மொக்கம்மாள் கிள்ளின வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டாள்.

“அக்கா, போலாம்” என்றான் கர்ணன். “இதுக்கு மேல இங்கன நின்னா நான் யாரையாச்சும் அடிச்சிருவேன்.”

ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் வழியில் கர்ணன் ஜீப்பை ஓட்டினான். இவாஞ்சலின் இரண்டு வக்கீல்களுக்குப் போன் போட்டாள். இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். வழக்குப் போடலாம், கண்டிப்பாக ஜெயிக்கலாம், அவசரப்படக் கூடாது.

ஓவியா இந்தத் தடவை வாசலைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவர்களுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று அவள் கண் தேடியது. யாரும் வரவில்லை.

இவாஞ்சலின் எல்லாவற்றையும் சொன்னாள். மாமா என்ற பெயர் வந்தபோது ஓவியா கண்ணை மூடிக்கொண்டாள். அழுதால் தையல் இழுக்கும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள், அதனால் அழவில்லை. சீனிச்சாமி சொன்னதைக் கேட்டபோது கண்ணைத் திறந்தாள்.

“இது காட்டுமிராண்டித்தனம்” என்றாள் இவாஞ்சலின். “நீ ஒத்துக்கக் கூடாது. கோர்ட்டுக்குப் போவோம். நானே கூட வர்றேன், ஒரு பைசா வேண்டாம்.”

“எத்தன நாளாகும்கா?”

“ஒரு வருஷம். ரெண்டு வருஷமும் ஆகலாம்.”

“நாலு வயசுப் பிள்ளைக்கா. நான் செத்துப்போயிட்டேன்னு சொல்லி வெச்சிருக்காகன்னு பக்கத்து வீட்டுக்காரக சொன்னாக. ரெண்டு வருசம் கழிச்சுப் போயி நின்னா, பேயின்னு பயந்து ஓடிரும்.” கையூன்றி எழுந்து உட்கார்ந்தாள். “நீங்க ரத்த டெஸ்டு எடுக்குற எடத்துல வேல பாத்தவுகன்னு நர்ஸம்மா சொன்னாக. நெசந்தேன?”

“ஆமா.”

“அந்த மாத்திரை ஒடம்ப விட்டு எப்பக்கா போகும்? எப்ப எனக்கு ரத்தம் ஒறையும்?”

இவாஞ்சலினுக்கு விடை தெரியும். பொய் சொல்லிவிடலாமா என்று பார்த்தாள். ஒரு மாதம் என்று சொன்னால் போதும். காலையில் ஒரு வாக்குறுதி கொடுத்துவிட்டுப் போய் வெறுங்கையோடு வந்து நிற்பவளுக்கு, இன்னொரு பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

“மாத்திரை நின்னு ஒரு வாரத்துல” என்றாள்.

ஓவியா விரல் விட்டு எண்ணினாள்.

“அப்ப செவ்வாக்கெழமைக்குச் சரியாப் போச்சு” என்றாள். கையைத் தூக்கி, கட்டுப் போடாத வலது கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். “அந்தப் பக்கம் தையல் இருக்குல்லக்கா. இந்தப் பக்கம் குத்திக்கிறேன்.”